பஞ்சொலிச் சீட்டு

பேட்டியை நான்தான் புரூப் பார்த்தேன். வயிறு எரிந்ததற்கு முதல் காரணம் அதுதான். ஒருவர் பொய் சொன்னால் நமக்குக் கோபம் வரும். அந்தப் பொய்யில் கால் புள்ளி, அரைப் புள்ளி எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன வரும் என்பதற்கு எந்த அகராதியிலும் இன்னும் சொல் கிடையாது.

"ஒரு நாள் காலை பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். மரத்தில் காய் வெடித்துப் பஞ்சு மிதந்து வந்து என் தோளில் அமர்ந்தது. அதே நேரம் எங்கோ ஒரு பறவை கூவியது. பஞ்சைப் போல மென்மையான ஒலி! என் நெஞ்சில் ஒரு சொல் பிறந்தது: பஞ்சொலி."

இப்படிப் போகிறது பேட்டி. சொன்னவர் எங்கள் அகராதி அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். நாங்கள் சுருக்கமாகத் 'தலைமை' என்போம். பறவை கூவியதாம், பஞ்சு வந்து உட்கார்ந்ததாம். காலை பத்து மணிக்கு முன்னால் அந்த மனிதர் கண் திறந்து பார்த்த ஒரே பறவை வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இருப்பதுதான்.

பஞ்சொலி என்ற சொல் இப்போது எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. காதுக்கு இதமாக எது கேட்டாலும் ஜனங்கள் அதைப் பஞ்சொலி என்கிறார்கள். வானொலியில் ஒரு நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர். அழைப்பு மணி விற்பவன் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிறான். பக்கத்துத் தெருவில் காது கேட்கும் கருவி விற்கிற கடைக்கும் அதே பெயர்தான். அந்தக் கருவியைச் செய்கிற கம்பெனி தலைமைக்கு விருது கொடுக்கப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை, நகர மன்றத்தில், அகராதியின் புதிய பதிப்பு வெளியீட்டோடு சேர்த்து, 'பஞ்சொலி என்னும் இனிய சொல்லைப் படைத்தமைக்காக.'

படைத்தாராம்! அந்தச் சொல்லைப் படைத்தவள் என் அக்கா.

அக்கா இருபத்தாறு வருடம் துணி ஆலையில் தறி ஓட்டினாள். ஒரே கொட்டகையில் இருநூறு தறி. அங்கே பக்கத்தில் நிற்பவள் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். காதுக்கு மூடி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மூடிகளும் இருந்தன, மேலாளர் அறை அலமாரியில், பிரிக்காத பெட்டியில். சோதனை செய்ய ஆள் வருகிற அன்று பெட்டி வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பெண்கள் தறிக்கு அடியில் கிடக்கும் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் மற்றவர்கள் ஆலை வாசலிலேயே பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அக்கா எடுக்க மாட்டாள். தெருவில் லாரியும் பஸ்ஸும் போட்டி போட்டுக் கத்தும் என்பாள். அடைத்த காதோடு வீடு வரை நடந்து வந்து, மாடிப்படியில் மூன்றாம் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் வலது காது, அப்புறம் இடது காது என்று நிதானமாக எடுப்பாள். எடுத்ததும் முதலில் எது கேட்கிறதோ அதுதான் அன்றைய பஞ்சொலி. மேல்வீட்டுக்காரர் பூட்டில் சாவி திருகுவது. யாரோ ஈரத் துணியை உதறுவது. வாளி நிரம்பி வழிவதற்குச் சற்று முன்னால் தண்ணீர் விழும் ஒலி மாறிக் கேட்பது.

"சத்தம்னே சொல்லேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"மில்லுல கேக்கறதுக்குப் பேரு சத்தம். இதுவும் சத்தம்னா அப்புறம் இதுக்கு என்ன மரியாதை?" என்றாள்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பத்து வயது, அவளுக்கு இருபது. அவள் படியில் உட்காரும் நேரத்துக்கு நான் பென்சிலும் பிளேடுமாகத் தயாராக நிற்பேன். இடது காதிலிருந்து பஞ்சு வெளியே வந்ததும் சீவ ஆரம்பிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "பென்சில்" என்பாள், யாருக்கும் தெரியாத ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி. ஒரு வருடத்தில் எத்தனை பென்சிலைச் சீவியே தீர்த்தேனோ தெரியாது. அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. ஆலைப் பெண்கள் அவளிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னிக்கு உனக்கு என்ன பஞ்சொலி?" என்று காலையில் உதட்டாலேயே விசாரித்துக்கொள்வார்கள். இதில் பூங்காவும் இல்லை, பறவையும் இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் காது முழுவதும் போய்விட்டது. 'வயதின் காரணமாக' என்று ஆலை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த மருத்துவரின் மாமனார் எண்பது வயதில் பக்கத்து வீட்டுச் சண்டையை வரி விடாமல் ஒட்டுக் கேட்பார் என்று ஊருக்கே தெரியும்.

இனி என் பங்குக்கு வருகிறேன். தலைமையைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தச் சொல்லைத் தூக்கி அவர் மடியில் வைத்தவள் நான்.

எங்கள் அலுவலகத்தில் எந்தச் சொல்லும் சீட்டு இல்லாமல் அகராதியில் ஏறாது. உள்ளங்கை அளவு அட்டை. அதில் நான்கு வரி: சொல், பொருள், உதாரணம், சொன்னவர். அச்சில் வந்த சொல்லானால் புத்தகத்தின் பெயரைப் போட்டால் போதும். வாயால் மட்டும் வழங்குகிற சொல்லானால் சொன்னவர் பெயரும் படிப்பும் வேண்டும். பட்டம் இல்லாதவர் சொன்ன சொல்லைத் தேர்வுக் குழு எடுத்துக்கூடப் பார்க்காது. 'தறி ஓட்டுபவர், எட்டாம் வகுப்பு' என்று எழுதிய சீட்டு நேராகக் குப்பைக்குப் போகும். போனது. ஒருமுறை அல்ல, மூன்று முறை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அக்காவின் காது மங்கிக்கொண்டிருந்த நேரம். காதுதான் போகிறது, சொல்லாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். நாலாவது முறை சீட்டு எழுதும்போது 'சொன்னவர்' என்ற இடத்தில் 'தலைமைப் பதிப்பாசிரியர்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் இருநூறு சீட்டில் கையெழுத்துப் போடுவார். எதையும் படிக்க மாட்டார். இதையும் படிக்கவில்லை. குழு பவ்வியமாக ஏற்றிக்கொண்டது. எனக்குப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

அந்தப் பதிப்பில் சொன்னவர் பெயர்களை அச்சிடவில்லை. சொல்லும் பொருளும் மட்டும்தான். அக்காவிடம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். காது கேட்காமல் போன முதல் வருடம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவள் ஓட்டினாள். பால்காரர், தபால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், யாரையும் விடவில்லை. "இது என் வார்த்தை" என்று காட்டினாள்.

புதிய பதிப்பில் சொன்னவர் பெயரையும் போடுவது என்று போன வருடம் முடிவானது. தலைமை சீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இது நான் சொன்னதா?" என்று முதல் வாரம் கேட்டார். "சொல்லியிருப்பேன்" என்றார் அடுத்த வாரம். ஒரு மாதத்தில் மரம் வந்தது, அப்புறம் பஞ்சு பறந்தது, கடைசியாகப் பறவை வந்து உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி. பொய்ச் சீட்டு எழுதியவள் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். இருபத்திரண்டு வருட வேலை.

பேட்டியைத் திருத்திக் கொடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அக்கா கேட்பதை வாயால் கேட்பாள். நான் பதிலை எழுதிக் காட்டுவேன். கொஞ்சம் உதட்டைப் படிப்பாள், ஆனால் நான் வேகமாகப் பேசுகிறவள். எழுதுவதற்கு அலுவலகத்தில் வேண்டாம் என்று கழித்த சீட்டுகளின் பின்பக்கத்தைத்தான் வைத்திருந்தோம். போன மாதம் சீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அவரவர் எழுதிய கார்பன் நகல்களை அவரவரே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் இரண்டு கட்டு தூக்கி வந்து அடுப்படி மேசையில் வைத்திருந்தேன். எதை எடுத்து வந்தேன் என்று பார்க்காத கழுதை நான்.

"ஞாயித்துக்கிழமை எங்க போற? புடவை எடுத்து வச்சிருக்கியே" என்று கேட்டாள்.

மேலே இருந்த சீட்டை எடுத்து, 'ஆபீஸ் விழா. உனக்கு அலுப்பாக இருக்கும்' என்று எழுதி நீட்டினேன்.

படித்தாள். என்ன நினைத்தாளோ, சீட்டைத் திருப்பினாள். திருப்பிப் படிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தக் கழித்த சொற்களை எல்லாம் படித்துச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தாள்.

"சொல், பஞ்சொலி. பொருள், காதுக்கு இனிய ஒலி. உதாரணம், தங்கை பென்சில் சீவும் பஞ்சொலி கேட்டது. சொன்னவர்..."

அங்கே நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். "யாரு இந்த ஆளு? எந்தத் தறியில நின்னான்?"

இன்னொரு சீட்டை எடுத்து, 'மில்காரி பேர் போட்டால் ஏற்ற மாட்டார்கள் அக்கா. மூன்று தடவை எறிந்தார்கள்' என்று எழுதினேன்.

"ஏத்தலன்னா போகட்டும்! உன்னை யாருடி ஏத்தச் சொன்னா?" தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "காதை அவனுங்க எடுத்துக்கிட்டானுங்க. மிச்சம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் நீயே கொண்டு போய்க் குடுத்துட்டு, எங்கிட்ட வந்து பக்கத்தைத் தொறந்து காட்டினியா? பால்காரன் வரைக்கும் காட்டினேனேடி, பைத்தியக்காரி மாதிரி!"

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். வேறு வீட்டில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் பின்னாலிருந்து பேசிச் சமாதானம் செய்யலாம். எங்கள் வீட்டில் அவள் திரும்பிவிட்டால் பேச்சு முடிந்தது. நான் கத்தினாலும் அழுதாலும் அவளுக்கு ஒன்றுதான். கொஞ்ச நேரம் அழுதும் பார்த்தேன். அந்த முதுகு அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தலைமையின் அறைக்குப் போனேன். கையில் புதிதாக எழுதிய சீட்டு. சொன்னவர் என்ற இடத்தில், 'தறி ஓட்டியவர், எட்டாம் வகுப்பு, என் அக்கா.'

"என்ன சிவப்பு மை, காலங்காத்தால?" என்றார். அலுவலகத்தில் எனக்கு அதுதான் பெயர்.

எல்லாவற்றையும் சொன்னேன். பயந்து பயந்து ஆரம்பித்தேன், பாதியில் பயம் போய்விட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார்.

"ஏம்மா, அந்தப் பறவை..." என்றார்.

"பறவை கிடையாது சார். மரமும் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா."

"சீட்டுல தங்கச்சி பென்சில் சீவுறான்னு இருக்கு. உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

வீட்டில் ஒரே பிள்ளை அவர். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையைத் தட்டினார். அதில் இருப்பது என் கையெழுத்து. வேலையில் சேர்ந்த புதிதில் அழகாக எழுதுவேன் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்.

"படி" என்றார். "பொய்ச் சீட்டுன்னு தெரிஞ்சா அந்தச் சொல்லையே அடிச்சிடணும். ஆளை மாத்திப் போடறது எல்லாம் கிடையாது. திரும்பப் புதுசா சீட்டு, புதுசா குழு, அடுத்த பதிப்பு. அது பத்து வருசம். அப்பவும் எட்டாங்கிளாஸ் சீட்டு ஏறாது. உனக்கே தெரியும். உன் வேலையும் போயிடும், அது தனி. நாளைக்குப் பத்து மணிக்கு 'ப' வரிசைப் பாரம் அச்சுக்குப் போகுது. உங்க அக்கா மேல பாசம் இருந்தா அந்தச் சொல்லு உயிரோட இருக்கட்டும். யாரு பேருல இருந்தா என்ன?"

"உங்க பேருல இருக்கு, அதான் யாரு பேருல இருந்தா என்னன்னு கேக்கறீங்க."

"நான் வளர்த்தேன்மா அந்தச் சொல்லை" என்றார், நிஜமாகவே நம்புகிறவர் மாதிரி. "எங்கேயோ மில்லுல செத்துப் போயிருக்கும்."

அந்த இடத்தில் அவருடைய மைக்கூட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்காமல் வெளியே வந்தேன் பாருங்கள், அதற்கு எனக்கு யாராவது விருது கொடுக்கலாம்.

வெளியே வந்து பலகையை மறுபடியும் படித்தேன். தலைமை தட்டிக் காட்டிய விதிக்குக் கீழே இன்னொன்று இருந்தது. 'சீட்டை எழுதியவரே அடிக்க வேண்டும். வேறு யாரும் அடிக்கக் கூடாது. யாருடைய அனுமதியும் தேவை இல்லை.' முன்பு ஒருகாலத்தில் இரண்டு ஆசிரியர்கள் சண்டை போட்டு ஒருவர் சொல்லை ஒருவர் அடித்துத் தள்ளியதால் வந்த விதி. தலைமை அதைத் தட்டிக் காட்டவில்லை. நான் அடிக்க மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

அன்று சாயங்காலமும் அக்கா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டை அவள் மடியில் வைத்தேன். தட்டில் சோறு இல்லை, நான்கு சீட்டு. 'ஆள் பெயரை மாற்ற முடியாது. அப்படியே விட்டால் சொல் இருக்கும், அவன் பெயரில். அடித்தால் சொல்லே போய்விடும். பத்து வருடத்துக்குத் திரும்ப வராது, ஒருவேளை எப்போதும். என்ன செய்யட்டும்? இந்த முறை கேட்கிறேன்.'

என் வேலையைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் எனக்காக விட்டுக்கொடுத்துவிடுவாள். என்னைப் படிக்கவைக்க அவள் விட்டுக்கொடுத்தது போதும்.

நான்கையும் வரிசையாகப் படித்தாள். கடைசிச் சீட்டை இரண்டு முறை படித்தாள். நாற்காலியைத் திருப்பினாள்.

"பதினோரு வருசமா எனக்கு எதுவுமே கேக்கல. அதுக்காக உலகத்துல ஒண்ணும் கேக்காமலா போச்சு? புத்தகத்துல இல்லன்னா இல்லாம போயிடுமா?" என்றாள். "அடி."

"நிஜமாவா?" என்று உதட்டால் கேட்டேன்.

"அடிடின்னா. அவன் பேருக்குக் கீழ அது ஒரு நாள் கூட இருக்கக் கூடாது. முதல்ல எனக்குச் சோறு போடு. நேத்துலேர்ந்து கோவத்துல சரியாவே சாப்பிடல."

புதன்கிழமை ஒன்பதரை மணிக்குச் சீட்டுப் பெட்டியைத் திறந்தேன். பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, எதையோ தொலைச்ச மாதிரி தேடறீங்க?" என்றார். அசல் சீட்டை எடுத்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சிவப்பு மையில் கோடு போட்டேன். கீழே 'பொய்ச் சீட்டு. எழுதியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோடு போடும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அச்சகத்துக்குப் போன் செய்து சொன்னேன். அச்சகக்காரர் அலறினார். "பக்கமெல்லாம் கோத்துப் பாரம் பூட்டியாச்சும்மா! நாலு வரி எடுத்தா பக்கத்துல ஓட்டை விழும். பின்னாடி இருக்கறதை எல்லாம் நகர்த்த முடியாது. என்ன போட்டு அடைக்கட்டும்?"

"ஒண்ணும் போடாதீங்க."

"வெள்ளையா இருக்கும்."

"இருக்கட்டும். விதிப்படி அடிச்ச சீட்டு, நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள். முன் வரிசையில் உட்கார வேண்டும் என்றாள், உதடு தெரியும் தூரத்தில். மேடையில் தலைமை புதுக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். கருவிக் கம்பெனியின் பெரிய அதிகாரி கேடயத்தை மடியில் வைத்திருந்தார். மேடைக்குப் பின்னால் திரையில் ஒரு மரமும் பறவையும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். தொகுத்து வழங்கியவர் வானொலிக்காரர், தேன் தடவிய குரல்.

"விருதுக்கு முன்னால், அந்த இனிய சொல்லைப் புதிய பதிப்பிலிருந்தே வாசிக்கலாமா?" என்று அகராதியின் கட்டைப் பிரித்தார். பக்கத்தைப் புரட்டினார். "பஞ்சு... இதோ. பஞ்சை: ஏழை, எளியவர், ஆதரவற்றவர்." அடுத்து இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். குரல் மட்டும் பழக்கத்தில் தானாக ஓடியது. "பட்சணம்: தின்பண்டம்."

முன் வரிசையில் அக்கா சிரித்தாள். உதட்டைப் படித்துவிட்டாள். அளவு தெரியாத சிரிப்பு, கொட்டகையில் இருநூறு தறிக்கு மேலே கேட்கிற மாதிரி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமை எழுந்து மைக்கைப் பிடித்தார். "அச்சுப் பிழை. புரூப் பார்த்தவங்களோட கவனக்குறைவு. அவங்களும் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. அடுத்த அச்சுல சரி பண்ணிடுவோம்."

கவனக்குறைவு! வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை உட்கார்ந்திருப்பேன். எழுந்து நின்றேன். எனக்கு மைக் வேண்டியிருக்கவில்லை.

"இருபத்திரண்டு வருசத்துல நான் ஒரு புள்ளி விட்டதில்ல சார். அது பிழை இல்ல. அது நான் அடிச்ச சீட்டு. பொய்ச் சீட்டு. சொன்னவர் இடத்துல உங்க பேரைப் போட்டவ நான். நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டீங்க, அப்புறம் மரம் வளர்த்தீங்க. இந்தச் சொல்லு தறிக் கொட்டகையில பொறந்தது. காதுல அடைச்ச பஞ்சை எடுத்ததும் கேக்கற ஒலிக்கு எங்க அக்கா வச்ச பேரு. காதுக்கு மூடி குடுக்காததால அவ காதே போச்சு. இதோ இருக்கா. உங்க கருவியைக் கொண்டுவந்து அவ காதுல மாட்டிக் கேளுங்க, ஏதாவது கேக்குதான்னு!"

கம்பெனி அதிகாரி கேடயத்தைப் பார்த்தார். அதில் தலைமையின் பெயரைப் பொறித்தாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? கேடயத்தைத் தலைமைக்கே கொடுத்தார்கள். கை தட்டினார்கள். எல்லோரும் தட்டவில்லை, பின் வரிசையில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். ஆனாலும் தட்டினார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எனக்கு வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். என் கைப்பையில் அந்த அடித்த சீட்டு இருந்தது. அலுவலகச் சொத்து, தரவில்லை. வேண்டுமானால் வழக்குப் போடட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் பையைத் தானே திறந்தாள். சீட்டை எடுத்து, சிவப்புக் கோட்டை விரலால் ஒருமுறை மேலிருந்து கீழே தடவினாள். திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேசையில் வைத்தாள். கையை நீட்டினாள்.

"பென்சில் குடு."

பதினோரு வருடமாக இந்த வீட்டில் சீட்டில் எழுதுகிறவள் நான் மட்டும்தான். அவள் எழுதியதே இல்லை. 'எனக்குத்தான் வாய் இருக்கே' என்பாள். பென்சிலை எடுத்தேன், முனை மழுங்கியிருந்தது. பிளேடை எடுத்துச் சீவினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீவல் சுருள் சுருளாக மேசையில் விழுந்தது. அவள் கண்ணை மூடினாள். நான் நிறுத்தியது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, அப்போதுதான் திறந்தாள்.

எட்டாம் வகுப்பு எழுத்து, பெரிது பெரிதாக, அழுத்தி எழுதினாள். எழுதி முடித்து என் பக்கம் தள்ளினாள்.

சொல்: பஞ்சொலி.
பொருள்: காதுல இருந்து பஞ்ச எடுத்ததும் கேக்கறது.
உதாரணம்: இப்ப சீவினியே, அது.
சொன்னவர்: நான்.

"பாத்துட்டு நிக்காத. எடுத்து பத்திரமா வை" என்றாள், மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "இனிமே எவன் பேரையாவது இதுல போட்டேன்னு வை, கையை ஒடிச்சிடுவேன்."